பழுது: ஒரு சொல்லின் பயணம்

வன்னியில், கிளிநொச்சியின் ஏ9 வீதியோரத்துக் கொம்பியூட்டர் கடையொன்றுக்கு மகளின் மடிக்கணினியோடு ஒரு தாய் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். "தம்பி, இது பழுதாப் போச்சு. ஒருக்காப் பாருங்கோ" என்பார். "என்ன அம்மா செய்யுது?" என்று கடைக்காரர் கேட்பார். "ஒன் ஆகுது. கொஞ்ச நேரத்தால நிண்டிடுது."

கொம்பியூட்டர், ஒன் இரண்டும் நேற்று வந்தவை. பழுது அப்படியல்ல. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் உரியியல், எல்லோருக்கும் எளிதில் விளங்காத சொற்களுக்குப் பொருள் சொல்லும் பகுதி. அங்கே பழுது என்ற சொல்லும் இருக்கிறது. அதற்குத் தரப்படும் பொருள் பயன் இல்லாமை. பயனைக் குறிக்க அந்நூல் ஆளும் சொல் 'பயம்'. இன்று பயம் என்றால் அச்சமென்றே எவரும் கொள்வர். விளக்க வந்த சொல் விளக்கம் வேண்டி நிற்கிறது. விளக்கப்பட்ட சொல்லோ வன்னியில் சின்னப் பிள்ளையின் வாயிலும் இருக்கிறது.

திருக்குறளின் அமைச்சு அதிகாரத்தில், அரசனுக்குக் கேடு நினைக்கும் அமைச்சனைச் சொல்ல வள்ளுவரும் இச்சொல்லை எடுத்தார். பயனின்மை அங்கே தீங்காக விரிகிறது. ஈழத்துப் பேச்சில் இரண்டு பொருளும் வாழ்கின்றன. வெயிலில் வைத்த கறி பழுதாகும். கூடாத கூட்டத்தோடு சேர்ந்த பிள்ளை பழுதாகும். உழவு மிசினும் பழுதாகும்.

தமிழ்நாட்டுப் பேச்சில் இந்த இடத்தை 'ரிப்பேர்' பிடித்துக்கொண்டது. திருத்துவதைக் குறித்த ஆங்கிலச் சொல் அங்கே கெட்டுப்போன நிலைக்கே பெயராயிற்று: "வண்டி ரிப்பேர் ஆயிடுச்சு." எழுத்தில் பழுது இருந்தாலும் நாவில் அருகிவிட்டது. வன்னியில் நோய்க்கு ஒரு சொல், மருந்துக்கு ஒரு சொல். கெட்டது பழுது, சரியாக்குவது திருத்துவது. சைக்கிள் கடைப் பலகையில் 'திருத்தகம்' என்று எழுதியிருப்பார்கள்.

திருத்து என்பதற்கு இந்த மண்ணில் இன்னொரு வேலையும் உண்டு. இரணைமடுக் குளத்து நீரை நம்பிக் குடியேறியவர்கள் செய்தது காடு திருத்துவது. பற்றையை வயலாக்கியதற்கும் நின்றுபோன இயந்திரத்தை ஓடவைப்பதற்கும் ஒரே வினைச்சொல். 1990களில் போரோடு வந்த பொருளாதாரத் தடைக்காலத்தில் இங்கே எரிபொருளும் பற்றரியும் தடைப்பட்ட பொருட்கள். மோட்டார் சைக்கிள் மண்ணெண்ணெயில் ஓடியது. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டார்கள். மூடிக்கிடந்த ஏ9 வீதி 2002இல் மீண்டும் திறக்கும்வரை, பழுதானதை எறிந்துவிட்டுப் புதிதை வாங்குவது பெரும்பாலானோருக்கு முடியாத காரியம். பழுது என்று சொல்லும்போதே திருத்தவேண்டும் என்ற நினைப்பும் கூடவே வந்தது.

கணினிக்கு இந்தச் சொல் பொருந்துவதுபோல் வேறொன்று பொருந்தாது. பானை உடைந்தால் கண்ணுக்குத் தெரியும். கணினியோ முழுசாக, மினுங்கிக்கொண்டே பயன்படாமல் கிடக்கும். உடைவு என்பது உருவத்தைப் பற்றியது; பழுது பயனைப் பற்றியது. தனக்குத் தெரிந்த ஒன்றை, அதாவது இது எனக்கு உதவுதில்லை என்பதை, அந்தத் தாய் பிழையின்றிச் சொல்லிவிட்டார். காரணம் கண்டுபிடிப்பது மற்றவர் வேலை.

கடைக்காரரின் கேள்வியும் அப்படித்தான். "என்ன செய்யுது?" என்பது எங்கள் ஊரில் வைத்தியர் நோயாளியிடம் கேட்பது. நோயின் பெயரை அவர் கேட்பதில்லை. உடம்பு படும் பாட்டைக் கேட்கிறார். ஒன் ஆகிக் கொஞ்ச நேரத்தில் நிற்கிறது என்றால், சூடேறுகிறதா, காற்றாடியில் தூசி அடைத்திருக்கிறதா, பற்றரி தளர்ந்துவிட்டதா என்று பார்க்க வழி பிறக்கிறது. கலைச்சொல் ஒன்றுகூட இல்லாத இரண்டு சிறு வாக்கியங்கள் அந்த வழியைக் காட்டிவிட்டன.

பாடப்புத்தகம் வன்பொருள், மென்பொருள் என்று கற்பிக்கிறது, அவையும் வேண்டியவையே. ஆனால் அச்சொற்களைத் தெரியாதவர் தம் கணினியைப் பற்றிப் பேசக் கூச்சப்படும் நிலை வரக்கூடாது. 2021இல் பல்கலைக்கழகமான வவுனியா வளாகத்திலும், கிளிநொச்சி அறிவியல் நகரின் பொறியியல் பீடத்திலும் இன்று கணினி படிக்கும் பிள்ளைகள் நாளை தமிழில் வழிகாட்டிகள் எழுதுவார்கள். அவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள்: முதல் அத்தியாயத்தின் தலைப்புப் 'பழுது' என்றும், முதற் கேள்வி "என்ன செய்யுது?" என்றும் இருக்கட்டும். அந்தத் தாய் தானே வாசித்துப் பதில் சொல்லுவார்.