பக்கத்து நாட்டோடு வியாபாரம் ஏன் இவ்வளவு கஷ்டம்?

டெல்லி ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் இத்தாலி பாஸ்தா, தாய்லாந்து சாஸ் எல்லாம் கிடைக்கும். தூரத்துச் சரக்கு சுலபமா வருது. பக்கத்து நாடுகளோடு மட்டும் வியாபாரம் ஏன் வளரலை?

எவ்வளவு குறைவு?
தெற்காசிய நாடுகளின் மொத்த வணிகத்தில், தங்களுக்குள் செய்வது சுமார் 5% தான். ஆசியான் நாடுகளில் இது சுமார் 25%. இந்தியக் கம்பெனிக்கு பாகிஸ்தானைவிட பிரேசிலோடு வியாபாரம் செய்வது சுமார் 20% மலிவு என 2018-ல் உலக வங்கி சொன்னது.

ஒப்பந்தம் இல்லையா?
இருக்கு. சார்க் நாடுகளின் 'சாஃப்டா' 2006 ஜனவரி 1-ல் அமலுக்கு வந்தது. ஆனா, வரிச்சலுகை தராத பொருட்களுக்கு ஒவ்வொரு நாடும் தனிப் பட்டியல் வச்சிருக்கு. அரசியலும் குறுக்கே நிற்குது: 2014 காத்மாண்டுவுக்குப் பிறகு சார்க் உச்சி மாநாடே நடக்கலை. 2019-ல் பாகிஸ்தான் பொருட்களுக்கு இந்தியா 200% வரி போட்டது.

ஐரோப்பாவில் என்ன நடந்தது?
அதே 2006 டிசம்பரில் செர்பியா, அல்பேனியா போன்ற பால்கன் நாடுகள் 'செஃப்டா'வில் கையெழுத்திட்டன. கொசோவோவைத் தனி நாடாக செர்பியா இன்றும் ஏற்கவில்லை. ஆனாலும் இரண்டும் ஒரே ஒப்பந்தத்தில் இருக்கு. ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரும் ஆசை இதற்குப் பெரிய காரணம். 2020 கொரோனா நேரத்தில் 'பசுமைப் பாதை' தொடங்கினாங்க. லாரி எல்லைக்கு வரும் முன்பே சரக்கு விவரம் ஆன்லைனில் சுங்கத்துறைக்குப் போயிடும்.

நமக்கு என்ன?
வரியைக் குறைப்பது பாதி வேலைதான். எல்லையில் சரக்கு காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் விலையில் ஏறும். சார்க் முடங்கினாலும் இரண்டு நாடுகள் தனியா முன்னேறலாம். இந்தியா-இலங்கை ஒப்பந்தம் 2000-லிருந்து அமலில்தான் இருக்கு.