தேங்கிய நீரும் துவண்ட கழுத்தும்

வீட்டுக் கொல்லையில் ஆசைக்காக இரண்டொரு வாத்துகளை வளர்ப்பவர்கள் யாவரும் அறிந்த ஒன்று உண்டு: காலையில் தொட்டி நிறைய ஊற்றிய தெளிந்த ஜலம், வெயில் ஏறுவதற்குள், தவிடும் சேறும் எச்சமும் கலந்த குழம்பாக மாறிவிடும். மூக்குத் துவாரங்களை அலசிக்கொள்ளத் தலை முழுகும் ஆழத்துக்கு நீர் வேண்டுவதும், வாயில் எடுத்த இரையை நீரில் அளைந்தே விழுங்குவதும் வாத்தின் பிறவி ஸ்வபாவம். ஆகையால் வாத்து வளர்ப்பதென்பது பாதிக்கு மேல் நீரைப் பராமரிப்பதாகவே முடிகிறது. அந்த நீர் கோடையில் நாட்கணக்காகத் தேங்கி அழுகுமானால், நேற்றுவரை முற்றமெங்கும் திரிந்த வாத்து இன்று சிறகைத் தூக்கமாட்டாமல், காலை இழுத்துக்கொண்டு, கழுத்துத் துவண்டு கிடக்கும்படி நேரலாம். அதைப் பார்க்கும் கால்நடை வைத்தியர் இன்று நோயின் பெயரையும் மூலத்தையும் தயக்கமின்றிச் சொல்லிவிடுகிறார் என்றால், அந்த ஞானம் அமெரிக்காவின் யூட்டா ராஜ்யத்தில், ஒரு நதியின் முகத்துவாரத்தில், லட்சக்கணக்கான காட்டு வாத்துகளின் மரணத்தைக் கண்ணால் கண்டு, இருபது வருஷ காலம் மனிதர் பட்ட பாட்டினால் விளைந்தது.

அந்த நதிக்குப் பேர் நதி என்று பெயர். யூயிண்டா மலைகளில் உற்பத்தியாகி, வயோமிங், ஐடஹோ ஆகிய ராஜ்யங்களின் வழியே வளைந்து திரிந்து, சுமார் 560 கிலோமீட்டர் ஓடிய பின்னரும் கடலைக் காணாமல், மீண்டும் யூட்டாவுக்கே திரும்பிப் பெரிய உப்பு ஏரியில் சங்கமிக்கிறது. சமுத்திரத்தை அடையாத வட அமெரிக்க நதிகளில் இதுவே மிக நீளமானது. சுற்றிலும் வறண்ட பூமியாக இருக்க, நன்னீர் உப்புநீரில் கலக்கும் இந்த ஓர் இடத்தில் மட்டும் நாணலும் கோரையும் அடர்ந்த விஸ்தாரமான சதுப்பு நிலம் உண்டாகியிருந்தபடியால், வடக்கிலிருந்து வலசை வரும் நீர்ப்பறவைகளுக்கு அது வழித்தங்கலாயிற்று. 1843 ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் அவ்விடத்தை அடைந்த ஜான் ஃப்ரெமாண்ட் என்ற யாத்திரிகர், ஒரு துப்பாக்கி வெடித்ததும் சுற்றுவட்டாரமெங்கும் பறவைகள் ஒருங்கே எழும்பிய ஓசை தூரத்து இடிமுழக்கத்தை ஒத்திருந்ததென்று தம் குறிப்பில் பதிந்திருக்கிறார்.

பின்னர் வந்த அரை நூற்றாண்டில் அப்பிரதேசம் முற்றிலும் மாறியது. 1869 இல் கண்டத்தின் இரு கரைகளையும் இணைத்த ரயில் பாதை அந்த ஏரிக்கு வடக்கேதான் முட்டிச் சேர்ந்தது. ரயில் வந்ததும் வாத்துகளைச் சுட்டுப் பட்டணங்களுக்கு ஏற்றுமதி செய்யும் வியாபாரம் பெருகியது. ஆயினும் துப்பாக்கியைக் காட்டிலும் பெரிய மாறுதலைச் செய்தவை கால்வாய்கள். 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் நதியை மேலே மறித்துக் கோதுமைக்கும் குதிரைமசாலுக்கும், பிறகு சர்க்கரைக் கிழங்குக்கும் நீரைத் திருப்பிவிட்டார்கள். பயிர் செய்தவர்களைக் குறை சொல்வது நியாயமாகாது. பாலைநிலத்தில் குடியேறிய குடும்பங்கள் உண்டு வாழ்ந்தாக வேண்டும். ஆனால் வெயில் உச்சத்திலிருக்கும் ஆகஸ்டு மாதத்தில்தான் பயிருக்கும் நீர் மிகுதியாக வேண்டியிருந்தது. அதே மாதத்தில்தான் முகத்துவாரத்துக்கு வந்துசேரும் ஓட்டம் நூலாக மெலிந்து, சதுப்பின் ஆழமான மடுக்களெல்லாம் கணுக்கால் அளவுத் தேக்கங்களாகச் சுருங்கின. வாத்துகளோ, தம் மூதாதையர் வந்த வழக்கப்படி, அங்கேயே வந்து இறங்கின.

1910 ஆம் ஆண்டின் கோடையில் அவை மடியத் தொடங்கின. ஊசிவால் வாத்துகளும் கிளுவைகளும் கரையோரமெங்கும் குவியல் குவியலாகக் கிடந்தன. 1912 இல் ஒரு மாத காலத்துக்குள் அரசாங்க வேட்டைக் காவலர்கள் பொறுக்கிப் புதைத்த பறவைகள் மட்டும் 44,000 க்கு மேற்பட்டவை. நாணலுக்குள் யார் கண்ணிலும் படாமல் அழுகியவற்றுக்குக் கணக்கே இல்லை. நோயுற்ற வாத்து முதலில் பறக்கும் சக்தியை இழக்கிறது. மனிதர் நெருங்கினால் தப்ப முயன்று, சிறகுகளையே துடுப்பாக்கிச் சேற்றின்மேல் அடித்தடித்து நகர்கிறது. பிறகு கால்கள் ஓய்கின்றன. கண்ணின் உள்ளிமை பாதி மூடியபடி நின்றுவிடுகிறது. கடைசியில் கழுத்துத் தசைகள் தளர்ந்து தலை நீரில் சாய்கிறது. நான்கு விரற்கடை ஆழமே உள்ள நீரில், நீந்துவதற்கென்றே சிருஷ்டிக்கப்பட்ட பறவை மூழ்கி மாள்கிறது. அறிவு கலங்காமல் அங்கங்கள் மட்டும் ஒன்றன்பின் ஒன்றாக அடங்கிப்போகும் இந்த மரணம், நோய்களுக்குள் கொடிய ஒன்றென்றே எனக்குத் தோன்றுகிறது.

காரணம் எதுவென்பதில் பல அபிப்பிராயங்கள் எழுந்தன. உலோகம் உருக்கும் ஆலைகளின் அமிலக் கழிவென்றனர் சிலர். குடலில் வாழும் நுண்கிருமி என்றனர் வேறு சிலர். சச்சரவு முற்றிய பிறகு, 1914 இல், விவசாய இலாகாவின் உயிரியல் ஆய்வுப் பிரிவு, அலெக்ஸாண்டர் வெட்மோர் என்ற 28 வயது இளைஞரை அங்கே அனுப்பியது. பிற்காலத்தில் ஸ்மித்ஸோனியன் ஸ்தாபனத்தின் தலைவராக உயர்ந்த இவர், மூன்று கோடைகளை அந்தச் சதுப்பிலே கழித்தார். நோயுற்ற வாத்துகளைப் படகில் திரட்டிவந்து, கம்பி வலைப் பட்டிகளில் அடைத்து, வெறும் நன்னீரையும் நிழலையும் கொடுத்துப் பார்த்தார். நிற்கமாட்டாமல் வந்தவற்றுள் பெரும்பான்மையானவை சில தினங்களில் எழுந்து, இரை தின்று, பறந்தும் போயின. மருந்தென்று ஒரு துளியும் உள்ளே செல்லவில்லை. ஓடும் நதியின் நீர் ஒன்றே சிகிச்சையாக நின்றது.

தேக்கம் வற்ற வற்றச் சேற்றின் உப்புகள் திரண்டு நிற்பதால், கால்சியம், மக்னீஷியம் ஆகியவற்றின் குளோரைடுகளே வாத்துகளைக் கொல்கின்றன என்று அவர் முடிவு கட்டி, 1915 இலும் 1918 இலும் இரண்டு அறிக்கைகளை வெளியிட்டார். உப்பு விஷம் என்ற அந்தக் கொள்கை பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் செல்வாக்குடன் விளங்கியது. பின்னர் பிழையென்று தள்ளப்பட்டது. அதைக்கொண்டு வெட்மோரை இலேசாக எண்ணுவோருடன் எனக்கு உடன்பாடில்லை. நீரோட்டம் நின்ற இடத்தில் நோய் பிறக்கிறது, நன்னீர் பாய்ந்த இடத்தில் அது ஒழிகிறது என்ற இரு உண்மைகளையும் முதன்முதலில் கையால் தொட்டு நிரூபித்தவர் அவரே. வாத்துக்கு வேண்டியவை அவ்விரண்டுமே. இரசாயனப் பெயர் எதுவாயினும் அதனால் அதற்கு நஷ்டமில்லை.

மெய்யான காரணத்தின் முதல் தடயம் காட்டிலிருந்து வராமல் கோழிக் கொட்டகையிலிருந்து வந்தது. கோழி வளர்ப்போர் நெடுங்காலமாக அறிந்திருந்த கழுத்துத் துவளல் நோயை ஆராய்ந்த ஐடா பெங்ஸ்டன் என்ற அம்மையார், 1922 இல், பச்சை ஈயின் புழுக்களிலிருந்து பொட்டுலினம் என்ற விஷக் கிருமியின் புதியதொரு வகையைப் பிரித்தெடுத்தார். மனிதருக்குக் கெட்டுப்போன இறைச்சியாலும் டப்பி உணவாலும் நேரும் உணவு விஷநோயைச் செய்யும் கிருமியின் உறவுதான் இது. ‘சி’ வகை என்று அதற்குப் பெயரிடப்பட்டது. எட்டு ஆண்டுகளுக்குப் பின், 1930 இல், கில்ட்னர், கௌச் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் சேர்ந்து ஒரு புறமும், கால்ம்பாக் என்ற மற்றொருவர் தனித்து மறுபுறமும், மேற்கத்திய வாத்து நோய் என்று வழங்கிய அந்தச் சதுப்பு நோய்க்கு இந்த ‘சி’ வகையின் விஷமே காரணமென்று வெளியிட்டார்கள். கால்ம்பாக்கும் குண்டர்சனும் 1934 இல் எழுதிய விரிவான அறிக்கையோடு வாதம் ஓய்ந்தது.

இந்தக் கிருமியின் வித்துகள் சதுப்புச் சேற்றில் ஆண்டுக்கணக்காக உறங்கிக் கிடக்கக் கூடியவை. அவை இருப்பதனாலேயே நோய் வந்துவிடாது. பிராணவாயு புகாத இடமும், அழுகும் மாமிசச் சத்தும், கடும் வெப்பமும் ஒருங்கே கூடும்போதுதான் அவை விழித்துப் பெருகி விஷத்தைக் கக்குகின்றன. நீர்மட்டம் இறங்கினால் நீர்ப்பூச்சிகளும் மீன்களும் மாள்கின்றன. திடீரென்று ஏறினால் தரைப்பூச்சிகள் மூழ்கி மாள்கின்றன. இரண்டும் கிருமிக்கு விருந்தே. விஷமுண்ட முதல் வாத்து செத்துக் கரையில் கிடக்கிறது. ஈக்கள் முட்டையிடுகின்றன. புழுக்கள் பிணத்தின் விஷத்தைத் தம் உடலில் சேர்த்துக்கொண்டும் தாம் யாதொரு கேடுமின்றி நெளிகின்றன. அப்புழுக்களில் இரண்டு மூன்றை விழுங்கினாலே ஒரு வாத்துக்கு மரணம் நிச்சயம். அந்த வாத்தின் பிணத்தில் மறுபடியும் ஆயிரக்கணக்கான புழுக்கள். ஒன்று நூறாகவும் நூறு பதினாயிரமாகவும் பெருகிய ரகசியம் இதுதான். விஷமோ நரம்பு நுனிகளிலே தங்கி, தசைக்குச் செல்லும் ஆணையைத் தடுத்துவிடுகிறது. பிணந்தின்னிக் கழுகுகளுக்குக் கால்ம்பாக் இதே விஷத்தை மிகுதியான அளவில் செலுத்தியும் அவை சிறிதும் பாதிக்கப்படவில்லை என்பது, இயற்கை தன் துப்புரவுப் பணியாளரை எவ்வளவு ஜாக்கிரதையாகப் படைத்திருக்கிறது என்பதற்கு அத்தாட்சி.

சதுப்பில் பெற்ற இந்த அறிவு வீட்டு வாத்துக்கு அப்படியே பொருந்துகிறது. கொல்லைக் குட்டையும் கோடையில் ஒரு சிறு முகத்துவாரமே. தொட்டி நீரைத் தினமும் கவிழ்த்து மாற்றுவதும், ஓரம் சரிந்து சேறாகிக் கிடக்கும் ஆழமற்ற குட்டையைத் தூர்ப்பதும் அல்லது நீர் ஓடும்படி வெட்டிவிடுவதும், இரைத் தட்டைத் தண்ணீரிலிருந்து தள்ளி வைப்பதும் அவசியம். எல்லாவற்றிலும் முக்கியமானது, செத்த எலியோ தவளையோ மீனோ கோழிக்குஞ்சோ கண்ணில் பட்ட அன்றே அதை எடுத்து எரித்துவிடுவது அல்லது ஆழப் புதைத்துவிடுவது. ஒரு நாள் தாமதித்தாலும் ஈ தன் காரியத்தை முடித்துவிடும். வாத்து துவண்டுவிட்டதென்றால், தலை நீரில் சாயாதபடி உலர்ந்த நிழலில் வைக்கோலின்மேல் கிடத்தி, மற்றவற்றையும் அந்தக் குட்டையை விட்டு அகற்றி, நல்ல தண்ணீரை மூச்சுக்குழலில் இறங்காமல் சிறுகச் சிறுகப் புகட்டிக்கொண்டே வைத்தியரை அழைக்க வேண்டும். விஷத்துக்கு மாற்று ஊசி இப்போது உண்டு. அது கிடைக்காத ஊர்களில், நோய் முற்றுவதற்கு முன் கண்டுகொண்டால், வெட்மோரின் நன்னீர் இன்றும் பலவற்றைப் பிழைக்க வைக்கிறது.

பேர் நதியின் கதை ஆராய்ச்சியோடு முடிந்துவிடவில்லை. வேட்டைக்காரரும் பறவை அபிமானிகளும் சேர்ந்து விடுத்த கோரிக்கைக்கு இணங்கி, 1928 ஏப்ரல் 23 அன்று அமெரிக்க காங்கிரஸின் சட்டம் ஒன்று அந்த முகத்துவாரத்தை வலசைப் பறவைகளின் காப்பகமாக்கியது. மைல் கணக்கில் கரைகள் எழுப்பி, மதகுகள் அமைத்து, சதுப்பைப் பெரும் பகுதிகளாகப் பிரித்து, நீரை வேண்டியபடி நிறுத்தவும் வடிக்கவும் வழி செய்தார்கள். அப்படியிருந்தும் 1932 இல் ஏரிப் பிரதேசத்தில் ஏறக்குறைய 2,50,000 பறவைகள் மாண்டன. 1983 இல் ஏரியே பெருகிக் கரைகளை விழுங்கி, காப்பகத்தைப் பல வருஷங்கள் உப்புநீரில் ஆழ்த்தியது. மீண்டும் கட்டியெழுப்பிய பின், 1997 இல், அதே நோய் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட பறவைகளைக் கொண்டுபோயிற்று. விஞ்ஞானம் தெளிந்துவிட்டது, நீர்தான் போதவில்லை. அந்நாட்டு மேற்குப் பகுதியின் சட்டப்படி, நதி நீரை முதலில் எடுத்தவருக்கே முதல் உரிமை. பாசனக் கால்வாய்களின் உரிமை முந்தியது, காப்பகத்தின் உரிமையோ 1928 இல் பிறந்தது. ஆகவே வறட்சிக் கோடைகளில் காப்பகத்தார், எல்லாப் பகுதிகளையும் அரைகுறையாக நனைத்து வைத்து நோய்க்கு இடங்கொடுப்பதை விட்டு, சிலவற்றை முற்றிலும் காய விட்டுவிட்டு, கிடைத்த நீரையெல்லாம் மற்றவற்றில் ஆழமாக நிறுத்தி, செத்த பறவைகளைத் தேடிப் படகில் சுற்றி வருகிறார்கள்.