முத்ராராட்சசம்: நட்பும் அரச விசுவாசமும்

முத்ராராட்சசம் என்பது விசாகதத்தர் வடமொழியில் இயற்றிய ஏழு அங்க அரசியல் நாடகம். நந்தர்களை வீழ்த்திச் சந்திரகுப்த மௌரியன் மகத அரியணை ஏறிய (சுமார் கி.மு. 321) காலத்தை ஒட்டியது இதன் கதை.

நந்தர்களின் அமைச்சரான ராட்சசர், புதிய அரசை எதிர்த்துப் பாடலிபுத்திரத்தை விட்டு வெளியேறுகிறார். அவருடைய குடும்பத்துக்கு அடைக்கலம் தருபவர் நண்பரான வணிகர் சந்தனதாசர். அவர்களை ஒப்படைக்கும்படி சாணக்கியர் மிரட்டியும் அவர் பணியவில்லை, சிறை செல்கிறார். அவர் வீட்டு வாசலில் ஒற்றனுக்குக் கிடைத்த ராட்சசரின் முத்திரை மோதிரத்தைக் கொண்டு சாணக்கியர் பொய்க் கடிதம் ஒன்றை உருவாக்கி, ராட்சசரை அவருடைய கூட்டாளி மலயகேதுவிடமிருந்து பிரிக்கிறார்.

இறுதி அங்கத்தில் சந்தனதாசர் கொலைக்களத்துக்குக் கொண்டுவரப்படுகிறார். அவரைக் காக்க ராட்சசர் தாமே வந்து சரணடைகிறார். சாணக்கியர் அவர் உயிரைக் கேட்கவில்லை. சந்திரகுப்தனின் அமைச்சராகும்படி கேட்கிறார். மறுத்தால் நண்பர் பிழைக்கமாட்டார். ராட்சசர் ஏற்கிறார்.

இது துரோகமா? நந்தர் குலத்தில் காப்பதற்கு எவரும் எஞ்சவில்லை; நண்பரோ உயிரோடு நிற்கிறார். வட தமிழ்நாட்டுத் தெருக்கூத்தான கர்ண மோட்சத்தில், கர்ணன் நட்புக்காகத் தம்பியரையே எதிர்த்து மடிகிறான். இங்கே நட்பு பழைய பகையை முடித்து, நாட்டுக்கு நேர்மையான அமைச்சர் ஒருவரைத் தருகிறது. ராட்சசரின் விசுவாசத்தை மதித்ததால்தான் சாணக்கியர் அவரைக் கொல்லாமல் வென்றார்.