சுவரில் ஏறும் ஈரம்: ஆங்கிலத் தொழிலாளர் குடியிருப்பு வரலாறு பற்றிய ஒரு குறிப்பு

வீட்டுச் சுவரில் ஈரம் ஊறுவதும் பூஞ்சணம் படர்வதும் கட்டடத் தொழில்நுட்பம் சார்ந்த குறைபாடுகளாகவோ, குடியிருப்போரின் கவலையீனத்தின் விளைவுகளாகவோதான் பொதுவாக நோக்கப்படுகின்றன. அவற்றுக்கு ஒரு சமூக வரலாறும் உண்டு. கைத்தொழிற் புரட்சியின் முதன்மை நகரங்களுள் ஒன்றான மன்செஸ்டரையும் அதன் அயலையும் சான்றாகக் கொண்டு, ஈரத்தைத் தடுக்கும் அறிவு கைவசமிருந்தும் அது தொழிலாளர் வீடுகளை உரிய காலத்தில் எட்டாது போனமைக்கான காரணங்களை இங்கு நாம் ஆராய முயல்கின்றோம்.

முதற்கண் பிரச்சினையின் பௌதிக அடிப்படையைத் தெளிவுபடுத்திக் கொள்ளல் வேண்டும். செங்கல் நுண்துளைகள் நிறைந்தது. நிலத்து நீர் மயிர்த்துளைமையினால் அதனூடே மேலேறும். மழைநீர் மெல்லிய சுவரை ஊடுருவும். சமையலாலும் மூச்சாலும் உண்டாகும் நீராவி குளிர்ந்த சுவரிற்பட்டு நீராக ஒடுங்கும். இம்மூன்றும் சாந்துப் பூச்சுக்கும் தளப்பலகைக்கும் பின்னே நெடுங்காலம் மறைந்து செயற்படுவன. கறை கண்ணுக்குப் புலப்படும் வேளையில் உள்ளே மரம் உளுத்திருத்தல் கூடும். அத்திவாரத்தின் மேல் சிலேற்றுக் கல்லாலோ தாராலோ இடப்படும் தடுப்புப் படை, காற்றிடைவெளி விட்ட இரட்டைச் சுவர், தளத்தின் கீழும் அறையினூடும் காற்றோட்டம், பழுதற்ற கூரையும் பீலியும் என்பனவே இதற்கான தடுப்பு முறைகள். இவற்றுள் எதுவும் விளங்கிக்கொள்வதற்கு அரிய நுட்பமன்று. ஆனால் ஒவ்வொன்றுக்கும் செலவு உண்டு.

அச்செலவை யார் ஏற்பது என்ற கேள்வியே வரலாற்றைத் தீர்மானித்தது. 1842 இன் பிற்பகுதியில் மன்செஸ்டருக்கு வந்த பிரெடெரிக் எங்கெல்ஸ், 1845 இல் லைப்சிக் நகரில் வெளியிட்ட தமது நூலிலே, தொழிலாளர் வீடுகளின் வெளிச் சுவர்கள் ஒரு செங்கல் அளவு, சில இடங்களில் அரைச் செங்கல் அளவு தடிப்பே கொண்டிருந்தமையைப் பதிவு செய்தார். ஆற்று மட்டத்திலும் தாழ்ந்த நிலவறையொன்றிலே வாழ்ந்த கைத்தறி நெசவாளி, நாள்தோறும் காலையில் ஊறிய நீரை இறைத்து வீதியில் ஊற்ற நேர்ந்தமையையும் அவர் குறிப்பிட்டார். எனினும், அவதியை விவரிப்பதோடு அவர் நின்றுவிடவில்லை. நிலம் குறித்த ஆண்டுகளுக்குக் குத்தகைக்கு விடப்பட்டது. தவணை முடிய, கட்டடமும் நிலவுடைமையாளனைச் சேர்ந்தது. ஆகவே குத்தகை முடியும்வரை மட்டும் நிலைக்கத்தக்க வீட்டைக் கட்டுவதும், திருத்த வேலைகளைத் தவிர்ப்பதுமே கட்டுவோனுக்கு இலாபமாயின. சுவரின் தடிப்பை நிர்ணயித்தது குத்தகைப் பத்திரமே எனின் அது மிகையாகாது.

இதே நகரைப் பற்றி மருத்துவர் ஜேம்ஸ் பிலிப்ஸ் கே 1832 இல், கொலராத் தொற்றின் பின்னணியில், ஒரு நூல் வெளியிட்டிருந்தார். ஈரலிப்பான வீடுகளை அவரும் கண்டவரே. ஆயினும் நூலின் தலைப்பிலேயே தொழிலாளரின் ஒழுக்கநிலை உடல்நிலைக்கு முன் வைக்கப்பட்டது. அயர்லாந்திலிருந்து வந்தோரின் பழக்கவழக்கங்கள் சீரழிவுக்கான காரணங்களுள் ஒன்றாகக் காட்டப்பட்டன. வீட்டின் குறை, வீட்டில் வாழ்வோரின் குணக்குறையாக உருமாற்றப்படும் கருத்தியலின் தொடக்கநிலைச் சான்றாக இதனை நாம் கொள்ளலாம்.

1875 ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டம், புதிய கட்டடங்களின் சுவர், அத்திவாரம் ஆகியன குறித்துத் துணைவிதிகள் இயற்றும் அதிகாரத்தை உள்ளூராட்சி அமைப்புகளுக்கு வழங்கியது. 1877 இல் வெளியான மாதிரித் துணைவிதிகளில் ஈரத் தடுப்புப் படையும் இடம்பெற்றது. இது முன்னேற்றமே. ஆனால் துணைவிதி இயற்றுவது கட்டாயமாக்கப்படவில்லை. ஏற்கெனவே நின்ற வீடுகள் பெரும்பாலும் அவ்வாறே நின்றன. தொழிலாளர் குடியிருப்பில் தோன்றும் கொள்ளைநோய் முதலாளிகளின் குடியிருப்பையும் தாக்கும் என்ற அச்சமே இத்தகைய சீர்திருத்தங்களின் உந்துசக்தி என, 'வீட்டுப் பிரச்சினை' பற்றி 1872 இல் எழுதத் தொடங்கிய கட்டுரைகளில் எங்கெல்ஸ் ஏலவே சுட்டியிருந்தார்.

முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டப்பட்டு, ஒருபுறம் மட்டுமே வாயிலும் யன்னலும் கொண்ட வீடுகளையும் இங்கு கருதவேண்டும். காற்று ஊடறுத்துச் செல்ல வழியில்லாமையால் ஈரம் அவற்றில் தங்கியது. இங்கிலாந்தில் இவ்வகை வீடுகளைப் புதிதாகக் கட்டுவதை 1909 ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்தது. பிரித்தானிய மூலதனம் நமது மலையகத்தில் எழுப்பிய இரட்டை லயன்களும் அமைப்பில் இதே வகையினவே. தாய்நாட்டிலே தகாதெனத் தள்ளப்பட்ட வடிவம் குடியேற்ற நாட்டுத் தோட்டங்களிலே தொடர்ந்து நிலைத்தமை தனி ஆய்வுக்குரியது.

இவை யாவும் பத்தொன்பதாம் நூற்றாண்டோடு முடிந்த கதையெனக் கருதுவது தவறு. மன்செஸ்டருக்கு அணித்தான ரொச்டேலில், 2020 டிசெம்பரில், அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை இறந்தது. வீட்டிலிருந்த பூஞ்சணமே காரணமென 2022 நவெம்பரில் மரண விசாரணை முடிவு செய்தது. 2017 இலேயே தந்தை முறையிட்டபோது, பூஞ்சணத்தின் மேல் வர்ணம் பூசுமாறு கூறப்பட்டது. வீட்டின் காற்றோட்டம் போதாமையை ஆராய்வதற்குப் பதிலாக, சூடானிலிருந்து வந்த அக்குடும்பத்தின் வாழ்க்கைமுறையே காரணமென ஊகிக்கப்பட்டது. 1832 இல் அயர்லாந்தவர்; நமது காலத்தில் சூடானியர். குழந்தையின் பெயரால் அமைந்த சட்டவிதிகள் 2025 ஒக்டோபரில் நடைமுறைக்கு வந்தன. அவற்றின்படி, இங்கிலாந்தின் சமூக வீடுகளில் அவசர ஆபத்துகளை 24 மணித்தியாலத்துள் கவனித்தல் வேண்டும். பாரதூரமான ஈரலிப்பையும் பூஞ்சணத்தையும் பத்து வேலை நாட்களுள் விசாரித்தல் வேண்டும்.

ஆக, ஈரம் இரு திரைகளின் பின் மறைகின்றது. ஒன்று சாந்துப் பூச்சு. மற்றையது குடியிருப்போனையே குற்றவாளியாக்கும் கருத்தியல். முதலாவதை அகற்றக் கொத்தனின் கைவினை போதும். இரண்டாவதை அகற்றுவதற்கு, வீட்டுரிமை யாரிடம், திருத்தும் கடப்பாடு யாரிடம், முறையீடு யாருடைய செவியில் விழுகின்றது என்ற கேள்விகளைத் தொழிலாளரே எழுப்புதல் அவசியமாகின்றது. யன்னலைத் திறந்து வையுங்கள் என்ற அறிவுரை பயனுடையதே. ஆயின், திறப்பதற்கு எதிர்ச்சுவரிலும் யன்னல் வைக்கப்பட்டதா என்பதை அவ்வறிவுரை கூறுவோரிடம் நாம் முதலிற் கேட்டாக வேண்டும்.