காட்டுதலும் கற்பித்தலும்: ஏப்ரஹாமின் நாட்குறிப்பை முன்வைத்து

சென்ற மாதம் என் மகளின் பாடசாலையில் பிறநாட்டுப் பண்பாடுகளுக்கென்று ஒரு நாள். இலங்கைக்கும் ஒரு மேசை. 'உங்கள் மரபைக் காட்டுங்கள்' என்று கடிதம் வந்தது. நல்லெண்ணத்தில் எழுதியதுதான். ஆனாலும் 'காட்டுங்கள்' என்ற சொல், இரவு வேலையில் பெட்டி அடுக்கும்போதும் என்னை விடவில்லை.

ஜேர்மனியில் காட்டுதல் பழைய தொழில். 1870களில் ஹம்பேர்க் மிருக வியாபாரி கார்ல் ஹாகன்பெக், சாமி மக்களைக் கலைமான்களோடு காட்சிக்கு வைத்தார். 1880களில் இலங்கையிலிருந்தும் யானைகளோடு மனிதர்கள் வந்தனர். அறிவூட்டல் என்பதே இதற்குச் சொல்லப்பட்ட நியாயம்.

1880இல் லாப்ரடோரிலிருந்து எட்டு இனுயிட் மக்கள் கொண்டுவரப்பட்டனர். அவர்களில் ஒருவர் ஏப்ரஹாம், வயது 35. மிஷன் கடையில் பட்ட கடனை அடைக்க மனைவி பிள்ளைகளோடு வந்தவர். எழுதப் படிக்கத் தெரிந்தவர், வயலின் வாசிப்பவர். பேர்லினில் 'காட்டுவாசி'யைப் பார்க்கக் கூட்டம் நெருக்கியபோது, அந்தக் 'காட்டுவாசி' தன் மொழியில் நாட்குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார். பார்க்கப்பட்டவர் பார்த்தவர்களை எழுதினார்.

அவர்களுக்கு உரிய நேரத்தில் அம்மைத் தடுப்பூசி போடப்படவில்லை. ஒருத்தி டார்ம்ஸ்டட்டில் இறந்தாள். ஏப்ரஹாமின் மகள் சாரா உட்பட இருவர் கிறேபெல்ட்டில். மிஞ்சிய ஐவரும் 1881 ஜனவரியில் பாரிஸில். அந்த ஐவரின் எலும்புக்கூடுகள் பாரிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருப்பது 2010களில்தான் பரவலாகத் தெரியவந்தது.

நான் குற்றஞ்சாட்டும் இடத்தில் மட்டும் நிற்க முடியாது. 'எஸ்கிமோவர்: பனிவீடு, தோலாடை, சீல் இறைச்சி' என்று பாடமாக்கிப் பரீட்சை எழுதியவன் நான். பின்னர் வரலாற்று விரிவுரையாளனாக இருந்தும் அந்த மூன்று சொற்களைக் கேள்விக்குட்படுத்தாதவன். இங்கு நமது சனிக்கிழமைத் தமிழ் வகுப்புகளில் 'வெள்ளையருக்குக் குடும்பப் பாசம் இல்லை' என்று சொல்லிக்கொடுக்கிறோமே, அதுவும் அதே கண்காட்சிதான். கூண்டு மட்டும் இடம் மாறியிருக்கிறது.

உடையும் உணவும் பண்பாடு இல்லையென்று நான் சொல்லவில்லை. ஆனால் யார், எந்தக் கடனோடு, ஏன் வந்தார், என்ன எழுதினார் என்பதை விட்டுவிட்டால் எஞ்சுவது பொருட்கள் மட்டுமே. ஏஜென்சிக் கடனோடு வந்த நமக்கு இது விளங்காததல்ல.

மேசையில் சேலைக்கும் வடைக்கும் பக்கத்தில் என் தொழிற்சாலை அட்டையையும் வைக்கச் சொன்னேன்.

"வேண்டாம் அப்பா, பிள்ளையள் சிரிப்பினம்" என்றாள் மகள்.

அந்த வெட்கத்தை அவளுக்குக் கற்பித்தது எந்தப் பாடசாலை? அவளுடையது மட்டுந்தானா?