பாதை கடக்காத பச்சைச் சோளன்

மட்டக்களப்பு வாவியின் கிழக்குக் கரையை எழுவான்கரை என்றும் மேற்குக் கரையைப் படுவான்கரை என்றும் அழைப்பது எங்கள் வழக்கம். சூரியன் எழும் கரை ஒன்று, படும் கரை மற்றொன்று. ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளமான இந்த நீர்ப்பரப்பு இரு கரை மக்களையும் தொழிலால், பேச்சால், கொடுக்கல் வாங்கலால் எவ்வாறு வேறுபடுத்தியது என்பது பற்றிப் பலரும் எழுதியிருக்கிறார்கள். நான் அறிந்த ஒரு வேறுபாட்டை மாத்திரம் எவரும் எழுதிக் காணவில்லை. எழுவான்கரையார் சோளனை அவித்துத் தின்றார்கள். படுவான்கரையார் பச்சையாகத் தின்றார்கள்.

நான் எழுவான்கரையில் பிறந்தவன். பெத்தா வீடு கொக்கட்டிச்சோலைப் பக்கம். டிசெம்பர் பாடசாலை விடுமுறை விட்டதும் மண்முனைத் துறையில் பாதை ஏறி அக்கரை போவோம். வெளியூர் வாசகர்களுக்காக ஒரு விளக்கம்: ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றி வாவியைக் கடக்கும் மிதவைக்கு எங்கள் பக்கத்தில் பாதை என்று பெயர். பாதைக்காகக் காத்திருப்பதிலேயே அரை நாள் போய்விடும். அந்த அரை நாளில்தான் இக்கட்டுரையின் விடயமே அடங்கியிருக்கிறது என்பதை அப்போது நான் அறிந்திருக்கவில்லை.

வடகீழ்ப் பருவமழைக்கு முன்னால் காடு வெட்டி எரித்த சேனையில், முதல் மழையோடு சோளன் ஊன்றுவார்கள். கூடவே இறுங்கு, குரக்கன், பயறு, பூசணி, கச்சான். மார்கழிக் கடைசியில் சோளன் பொத்தி பால் பிடிக்கும். பெத்தப்பா பரணில் இரவு முழுதும் பன்றிக்கும் யானைக்கும் காவலிருந்துவிட்டு, விடியும் வேளையில் இறங்கி வருவார். சூரியன் ஏறுமுன் பொத்தி முறிக்க வேண்டும் என்பது அவருடைய கண்டிப்பு. நுனியில் குஞ்சம் கபில நிறமாகிக் காய்ந்திருக்க வேண்டும். மடல் மாத்திரம் பச்சையாகவே இருக்க வேண்டும். மடலைச் சற்றே நீக்கி, "மனே, நகத்தால அமத்திப் பார்" என்பார். தெளிந்த தண்ணீர் வந்தால் பிஞ்சு. வெள்ளைப் பால் தெறித்தால் பதம். பசை போல மா ஒட்டினால் முற்றல், அது அவியலுக்கு. தாவரவியல் நூல்கள் வேறு சொற்களில் சொல்வதும் இதே மூன்று படிகளைத்தான்.

பதமான பொத்தியைச் சேனையிலேயே நின்று தின்ன வேண்டும். கடித்துத் தின்பது அவசரக்காரன் வேலை. ஒரு வரிசையை முதலில் நகத்தால் பெயர்த்து இடம் உண்டாக்கிக்கொண்டால், அடுத்த வரிசையைப் பெருவிரலால் நெம்பி முழு மணிகளாக உள்ளங்கையில் கொட்டலாம். முதற்பொத்தி வெறுமையாக. இரண்டாவதற்கு உப்பும் இடித்த கொச்சிக்காயும், கிடைத்தால் தேசிக்காய்ப் புளியும். வீட்டுக்கு வந்தபின் பெத்தா செய்வது இன்னொரு வகை: பச்சை மணிகளை எருமைத் தயிரில் போட்டு, காட்டுத்தேன் விட்டுத் தருவார். மட்டக்களப்புத் தயிரின் பெருமையை நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் தயிரின் கொழுப்புக்குள் பச்சைச் சோளன் மணி வெடித்துப் பால் சொரியும் அந்தக் கணத்தை அறியாதவர்கள் அந்தத் தயிரைப் பாதிதான் அறிந்தவர்கள் என்பது என் கட்சி. துருவிய தேங்காய்ப்பூவோடு சேர்ப்பதும் உண்டு. விரல் பருமனான பிஞ்சைத் தண்டோடு மென்றுவிடுவது பிள்ளைகளின் திருட்டு.

திரும்பும்போது ஒரு சாக்குப் பொத்தி கட்டிக்கொண்டு வருவோம். எழுவான்கரை வீட்டில் ஆசையோடு உரித்துக் கடித்தால் அதே பொத்தியில் அந்த இனிப்பு இராது. தண்ணீரில் தோஷம், காற்றில் தோஷம் என்று காரணம் சொல்வார்கள். உண்மைக் காரணம் நேரம். கதிரை முறித்த கணம் முதல் மணியிலுள்ள சர்க்கரை மாப்பொருளாக மாறத் தொடங்குகிறது. இனிப்புச் சோளத்தில் செய்த ஆய்வுகளின்படி, 30 பாகை வெப்பத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 60 வீதமான சர்க்கரை போய்விடும். உறைநிலையை ஒட்டிய குளிரில் இழப்பு 6 வீதம்தான். மண்முனைத் துறையில் வெயிலில் கிடந்த எங்கள் சாக்கில் நடந்ததும் இதுவே. ஆகவே எழுவான்கரையார் அவித்துத் தின்றது ருசியறியாமையால் அன்று. அவர்களிடம் வந்து சேர்ந்த பொருளே வேறு.

இந்தப் பயிர் எங்களுடையதுபோலத் தோன்றினாலும் வந்தேறியே. சுமார் 9000 ஆண்டுகளுக்கு முன்னர் தென்மெக்சிக்கோவில், தியோசிந்தே என்ற காட்டுப் புல்லிலிருந்து மனிதர் வளர்த்தெடுத்தது. 1492இல் கொலம்பஸ் அமெரிக்கக் கரை தொட்ட பின்னரே பிற கண்டங்கள் இதனை அறிந்தன. ஆசியாவுக்குக் கொண்டுவந்ததில் போர்த்துக்கீசருக்குப் பெரும்பங்கு உண்டு என்பது பொதுவான கருத்து. போன இடமெல்லாம் அதற்கு வேற்றூர்ப் பெயரே கிடைத்தது. இத்தாலியர் துருக்கித் தானியம் என்றனர். துருக்கியரோ எகிப்து என்று பொருள்படும் சொல்லால் அழைத்தனர். தமிழகத்தில் மக்காச்சோளம், அந்த மக்கா எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் தீவில் நடந்தது சற்று வேறு. இங்கே பழைய தானியத்தின் பெயரையே புதியதற்குச் சூட்டினார்கள். தமிழில் சோளம் என்றால் ஆதியில் இன்றைய மக்காச்சோளம் அன்று, கதிர் உச்சியில் குலைக்கும் பழைய சோளமே. மட்டக்களப்பில் அந்தப் பழையது இறுங்கு என்ற பெயரோடு ஒதுங்கிக்கொள்ள, சோளன் என்ற பெயர் புதியவருக்குப் போய்விட்டது. சிங்களத்தில் இதனை 'பட இரிங்கு' என்பர். பட என்றால் வயிறு. இரிங்கும் எங்கள் இறுங்கும் ஒரே சொல்லின் இரு முகங்கள் என்றே எனக்குப் படுகிறது. உச்சியில் குலைப்பது இறுங்கு. வயிற்றில் பிள்ளையைச் சுமப்பது பட இரிங்கு. சேனையில் நின்று இரண்டையும் பக்கத்துப் பக்கமாகப் பார்த்தவன் வைத்த பெயர் அது.

1978 நவம்பர் 23இல் வீசிய சூறாவளியை எங்கள் தலைமுறை மறக்காது. எனக்கு அப்போது எட்டு வயது. இடுப்பளவு நின்ற சோளன் முழுவதும் நிலத்தோடு படுத்தது. அந்த மார்கழியில் பச்சைச் சோளன் இல்லை. அந்த ஆண்டை நாங்கள் அப்படியும் நினைவில் வைத்திருந்தோம். பின்னர் யுத்தம் வந்தது. இரவில் பரணில் நெருப்பு மூட்டிக் காவலிருப்பது யானைக்கு அஞ்சிச் செய்த காரியம். இப்போது அந்த நெருப்புக்கே அஞ்சவேண்டியதாயிற்று. 2007ஆம் ஆண்டின் முற்பகுதியில் படுவான்கரையே பெயர்ந்து எழுவான்கரைக்கு வந்தது. செய்தி சேகரிக்கப் போன இடத்தில், கூடாரத்து வாசலில் வரிசையாக அமர்ந்து அவித்த சோளன் தின்றுகொண்டிருந்த பிள்ளைகளைக் கண்டேன். எங்கிருந்தோ நிவாரணத்தோடு வந்தது. ஒரு சிறுவன் அதை நகத்தால் அமத்திப் பார்த்துக்கொண்டிருந்தான்.

2014 ஏப்ரலில் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டது. பாதைக்குக் காத்திருந்த வாவியை இன்று சில நிமிடங்களில் கடக்கலாம். காலையில் முறித்த பொத்தி ஏழு மணிக்கு முன் எழுவான்கரைச் சந்தையில் இருக்கலாம். நேரம் என்ற தடை நீங்கிவிட்டது. ஆனால் அதற்கிடையில் சோளனே மாறிவிட்டது.

இலங்கையில் விளையும் சோளத்தின் பெரும்பகுதி இன்று மனிதருக்கானதன்று, கோழித் தீவனத்துக்கானது. மனிதருக்குப் போவதில் திரிபோஷாவுக்கு ஒரு பங்கு உண்டு. 1973 முதல் தாய்மாருக்கும் பிள்ளைகளுக்கும் வழங்கப்பட்டுவரும் அந்த மாவை நான் குறைத்துப் பேசமாட்டேன். தீவனத்துக்குத் தேவை நிறை, ருசியன்று. விவசாயத் திணைக்களம் வெளியிட்ட பத்ரா, ருவன் போன்ற வகைகளின் விதையை விவசாயி தானே எடுத்து வைத்து மறுபோகம் ஊன்றலாம். இறக்குமதிக் கலப்பின விதை அப்படியன்று. ஒவ்வொரு போகமும் கடைக்குப் போக வேண்டும். விளைச்சல் கூடுதல் என்பதை மறுப்பதற்கில்லை. பாற்பருவத்தில் அதையும் தின்னலாம்தான். தோல் தடித்து, இனிப்பு மெலிந்து இருக்கும். அந்த விதை செந்நிற மருந்து பூசப்பட்டு வருகிறது. முன்பு ஊன்றக் கொடுத்த விதையில் கைப்பிடியை வறுத்துத் தின்ற பிள்ளைகளை, இன்று விதைப் பையிடமிருந்தே விலக்கி வைக்க வேண்டியிருக்கிறது.

2018/2019 பெரும்போகத்தில் அமெரிக்காவைப் பூர்வீகமாகக் கொண்ட படைப்புழு நாட்டுச் சோளச் செய்கையைத் தாக்கியது. சேனா படைப்புழு என்று பத்திரிகைகள் எழுதின. சேனைக்குள் வந்த சேனை என்று நான் இட்ட தலைப்பை ஆசிரியர் வெட்டிவிட்டார்; அவர் செய்தது சரி. குருத்துக்குள் ஒளிந்து தின்னும் புழு அது. குருத்துக்குள்ளும் பின்னர் கதிரிலும் மருந்தடிக்கத் தொடங்கிய பிறகு, வழியில் கண்ட பொத்தியை முறித்துக் கடிப்பது என்ற பழக்கம் ஆபத்தானதாயிற்று. இன்று பச்சையாகத் தின்ன விரும்புபவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, கடைசியாக எப்போது மருந்தடித்தீர்கள் என்பதே.

நகரத்து அங்காடிகளில் மெல்லிய நெகிழித் தாளில் சுற்றிய இனிப்புச் சோளம் கிடைக்கிறது. 1950களில் இலினோய் பல்கலைக்கழகத்தின் ஜோன் லாக்னன், சுருங்கிப்போன விதைகளைக் கொண்ட ஒரு வகையின் வியப்பூட்டும் இனிப்பைக் கவனித்து வளர்த்தெடுத்த மீயினிப்பு வகைகளின் வழித்தோன்றல்கள் பல இன்று சந்தையில் உள்ளன. நாட்கணக்கில் இனிப்புக் குறையாது. பச்சையாகத் தின்ன நன்றாகவே இருக்கிறது, சீனி தின்பதுபோல. சோளனின் வாசம் அதில் எனக்குக் கிடைக்கவில்லை.

இரண்டு மார்கழிகளுக்கு முன்னர் கரடியனாற்றுப் பக்கம் ஒரு விவசாயியைச் சந்திக்கப் போனேன். மூன்று ஏக்கர் கலப்பினச் சோளன், எல்லாம் தீவனத்துக்கு. வீட்டுக் கோடியில் மாத்திரம் நாலு வரிசை வேறாக நின்றது. "இது மருந்து காணாத சோளன் அண்ணன். புள்ளையளுக்கு" என்றார். பழைய விதை, புகட்டில் கட்டித் தொங்கவிட்டு வைப்பதாம். புழு பாதியைத் தின்றுவிடும், மிச்சத்தைப் பிள்ளைகள் தின்னும் என்றார். ஒரு பொத்தியை முறித்து, மடலை நீக்கி, நகத்தால் அமத்தினார். பால் வரவில்லை, மாதான் ஒட்டியது. "முந்தநாள் வந்திருக்கோணும் நீங்க" என்று சிரித்துவிட்டு, அதை அவிக்கக் கொடுக்கும்படி மகளிடம் நீட்டினார்.