ஆண்குறிப் புற்றும் குளியலறையும்

ஆண்குறிப் புற்றுநோய் என்று பேச்செடுத்தால், விவரம் தெரிந்தவர்கள்கூட உடனே சுன்னத்துக்குத் தாவிவிடுவார்கள். நியூயார்க் மருத்துவர் வோல்பார்ஸ்ட் 1932-இல் லான்செட் இதழில் எழுதிய கட்டுரைக்கு இதில் பெரிய பங்கு உண்டு. பிறந்த சில நாட்களிலேயே முன்தோலை நீக்கிவிடும் யூதர்களிடம் இந்த நோய் ஏறக்குறைய இல்லை என்று அமெரிக்க மருத்துவமனைக் கணக்குகளைக் கொண்டு அவர் வாதிட்டார். இந்தியாவில் அதே வாதம் இந்து, முஸ்லிம் என்று ஆளை மாற்றிக்கொண்டு பாடப்புத்தகங்களில் குடியேறியது. கணக்கு பொய்யில்லை. ஆனால் ஒரு நோயின் வரலாற்றை மதத்தின் கணக்கில் எழுதியதால், தண்ணீருக்கும் சோப்புக்கும் காலத்தில் கிடைக்கும் வைத்தியத்துக்கும் அதில் இடமில்லாமல் போயிற்று. இந்த நோயின் வரலாறு பெரும்பகுதி ஆறாத அழற்சியின் வரலாறு என்பதே என் கட்சி.

முன்தோல் இருப்பது நோயல்ல. அது பின்னுக்கு வராமல் இறுகிக்கொள்வதில்தான் வினை. இறுகிய தோலுக்கு உள்ளே வெள்ளை அழுக்கும் சிறுநீரும் தங்கும். மொட்டு சிவக்கும், எரியும், ஆறும், மறுபடி சிவக்கும். வருடக்கணக்கில் இப்படியே போனால் தோல் வெளுத்துத் தடித்துவிடும். மறைவிடத்துப் புண்ணை யாரிடம் காட்டுவது? கடையில் கேட்டு வாங்கிய களிம்பிலேயே காலம் கழியும். மருத்துவமனைக்கு வரும்போது பலருக்குக் கவட்டில் நெறி கட்டியிருக்கும். முன்தோல் இறுக்கம் இல்லாத ஆண்களை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால், சுன்னத் செய்யாததால் ஊடுருவும் புற்றுக்கான ஆபத்து கூடவில்லை என்று 2005-இல் அமெரிக்காவின் சியாட்டில் ஆய்வு கண்டது. அதைவிட அழுத்தமான சாட்சி டென்மார்க். அங்கே சுன்னத் செய்துகொண்ட ஆண்கள் மிகச் சிலரே. இருந்தும் 1943-க்கும் 1990-க்கும் இடையில் நோயின் அளவு ஆண்டுக்கு லட்சம் பேரில் 1.15-இலிருந்து 0.82-ஆக இறங்கியது. குளியலறை உள்ள வீடுகள் 1940-இல் நூற்றுக்கு 35, 1990-இல் 90. ஆய்வாளர்கள் இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார்கள். அதுவே காரணம் என்று நிரூபித்துவிட்டதாகச் சொல்ல முடியாதுதான். ஆனால் மதத்தை வைத்து அந்த இறக்கத்தை விளக்கவே முடியாது.

மரபணு ஆய்வு இதில் காலம் தாழ்ந்து வந்த சாட்சி. அழற்சி உள்ள இடத்தில்தான் புற்று முளைக்கிறது என்று ஜெர்மன் மருத்துவர் விர்ஹோ 1863-லேயே ஊகித்தார். உடலில் வீக்கத்தையும் வலியையும் தூண்டும் புரோஸ்டாகிளாண்டின்களை உண்டாக்கும் காக்ஸ்-2 என்ற நொதியின் மரபணு 1991-இல் பிடிபட்டது. ஆஸ்பிரின் அடக்குவது இந்த நொதிக் குடும்பத்தைத்தான். சாதாரணத் தோலில் பெரும்பாலும் அடங்கியே இருக்கும் இந்த மரபணு, ஆண்குறிப் புற்றுத் திசுவில் மிகையாக வேலை செய்வதை 2004-இல் நியூயார்க் ஆய்வாளர்கள் காட்டினார்கள். புற்று வந்தபின் அழற்சி வந்திருக்கக்கூடாதா என்று கேட்கலாம், நியாயமான கேள்வி. வெட்டியெடுத்த கட்டியில் எது முன், எது பின் என்று தெரியாது. அந்த வரிசையைச் சொல்வது, புற்றுக்குப் பல வருடம் முன்பே தோல் இறுகியிருந்த நோயாளிகளின் வரலாறு. மரபணு அதற்குத் துணைச் சாட்சி, அவ்வளவே.

இன்னொரு மறுப்பு, இது வைரஸ் நோய் என்பது. இந்தப் புற்றுகளில் ஏறத்தாழப் பாதியில் மனிதப் பாப்பிலோமா வைரஸ் இருக்கிறது. ஆண்குறிப் புற்றுக்கும் பெண்களின் கருப்பை வாய்ப் புற்றுக்கும் உள்ள தொடர்பைச் சென்னைக் கணக்குகளை வைத்து ஆய்வாளர்கள் கஜலட்சுமியும் சாந்தாவும் 1993-லேயே ஆராய்ந்தார்கள். சரி, மீதிப் பாதி? அங்கே வைரஸ் இல்லை. இறுக்கமும் அழற்சியும் பெரும்பாலும் அங்கேதான். புகையிலையும் சேர்ந்துகொள்கிறது. புகைத்தலோடு மெல்வதையும் பொடி போடுவதையும் இந்த நோயோடு இணைத்துக் காட்டிய ஹரிஷ், ரவி ஆகியோரின் 1995 ஆய்வும் நம் ஊர் நோயாளிகளைப் பற்றியதே.

டென்மார்க்கில் போட்ட கணக்கைச் சென்னையில் போட முடியுமா? இங்கே அடையாறு புற்றுநோய் நிறுவனம் 1982 முதல் நடத்தும் புற்றுநோய்ப் பதிவேட்டுக்கு, ஊழியர்கள் மருத்துவமனை மருத்துவமனையாகப் போய்க் கேஸ் ஷீட்டிலிருந்து பெயரையும் முகவரியையும் எழுதிவருவார்கள். நகர எல்லைக்குள் ஓராண்டாவது குடியிருந்தவரா என்பது முக்கியமான கேள்வி. ராயபுரத்துக்காரர் எண்ணிக்கையில் சேர்ந்தார். அதே ஸ்டான்லி மருத்துவமனைக்கு வந்த சாத்தாங்காட்டு லோடுமேன் சேரவில்லை. வடசென்னையை ஒட்டிய சாத்தாங்காடும் திருவொற்றியூரும் எண்ணூரும் 2011 வரை மாநகராட்சிக்கு வெளியே இருந்தன. வடக்கின் தண்ணீர்க் கதையும் விடுபட்டவர்களின் கதைதான். 1772-இல் ஏழு கிணற்று நீர் ஆங்கிலேயரின் கோட்டைக்குப் போனது. 1960-களின் இறுதியில் வந்த மீஞ்சூர்ப் பக்கத்துக் கிணறுகளின் நீர் மணலி ஆலைகளுக்குப் போனது. உறிஞ்சிய இடத்தில் கடல்நீர் உள்ளே ஏறியது. வடக்கே நோய் அதிகம் என்று இதிலிருந்து நான் முடிவுகட்டவில்லை, அதற்கு எண் வேண்டும். 2011-இல் மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426-ஆக விரிந்தது. பழைய 174-க்குள் இருந்தவர்களின் நோய் ஏறியதா இறங்கியதா என்று பார்க்க 1982 முதல் தொடர் கணக்கு இருக்கிறது. சாத்தாங்காட்டுக்கு அந்த முப்பது வருடக் கணக்கு கிடையாது.